நான் ஏன் மதுரை சட்டக் கல்லூரியில் படிக்க விரும்புகிறேன்?

(மதுரை விளாங்குடியில் நடந்த மேற்படிப்பு வழிகாட்டல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பொறியியல் பற்றியும் நர்சிங் பற்றியும் சொன்னார்கள். என்னைச் சட்டப் படிப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் வழக்கறிஞர் ஆகவில்லை. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் இரண்டு வருடமாக மனு அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஆண்டு மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். முதல் விருப்பம் மதுரை அரசு சட்டக் கல்லூரி. ஏன் அந்தக் கல்லூரி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். ஆனால் காரணங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சில தனியார் சட்டப் பள்ளிகளிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் விண்ணப்பிக்கும்போது, 'எங்கள் கல்லூரியில் ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்கள். அரசு சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி கிடையாது. மதிப்பெண், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் போதும். பத்து இடத்தில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடிந்தவர்களிடம்தான் 'ஏன் இங்கே' என்று கேட்பார்கள் போலிருக்கிறது. நம்மைப் பார்த்து ஊரில் கேட்கும் கேள்வி வேறு: 'உனக்கு எதுக்கு வக்கீல் படிப்பு?' இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில், நம் முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

ஒன்று, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1988இல் வகுப்புகளைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் திருச்சியில் ஒன்று இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்புக்குக் 'கிளாட்' எழுத வேண்டும். அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணமே 4,000 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 3,500 ரூபாய். சேர்ந்துவிட்டால் பல இடங்களில் ஆண்டுக் கட்டணம் லட்சத்தைத் தாண்டும். பெங்களூரில் 2022 முதல் பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுப் படிப்பும் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு.

இரண்டாவது, வேறு மாநிலத்தில் பணம் கட்டி, வகுப்புக்கே போகாமல் பட்டம் வாங்கும் 'லெட்டர் பேட்' கல்லூரிகள். உங்களில் யாரையாவது ஒரு புரோக்கர் அணுகியிருந்தால் அவர் போன் நம்பரை இன்றே அழித்துவிடுங்கள். நம்மை நம்பி வழக்கைக் கொடுப்பவர் பெரும்பாலும் நம்மைவிட ஏழையாக இருப்பார். சட்டம் தெரியாமல் அவருக்காக நிற்பது துரோகம்.

மூன்றாவது, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் அரசு சட்டக் கல்லூரிகள். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு, பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு. நுழைவுத் தேர்வு இல்லை. மதிப்பெண் அடிப்படையில், 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி சேர்க்கை. கட்டணம் ஆயிரக் கணக்கில்தான். இந்த வரிசையில் மூத்தது 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி. மதுரைக்குச் சட்டக் கல்லூரி வந்தது 1974இல். அதற்கு முன்னால் அரசு சட்டக் கல்லூரியில் படிக்க நினைத்த தென்மாவட்டத்துப் பிள்ளை சென்னைக்குத்தான் ரயில் ஏற வேண்டும். ரயில் கட்டணமும் ரூம் வாடகையும் கொடுக்க முடிந்த சாதிகள் வக்கீல் ஆயின. மற்றவர்கள் அவர்களிடம் கட்சிக்காரர்களாகப் போய் நின்றார்கள். இன்று ராமநாதபுரத்திலும் தேனியிலும்கூட அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. இதெல்லாம் கேட்டுப் பெற்றவை.

'செலவு குறைவு என்பதால்தானே மதுரை' என்று நீங்கள் நினைக்கலாம். செலவும் ஒரு காரணம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் நாளைக்கே ஒருவர் வந்து பெங்களூருக்கு முழுச் செலவும் ஏற்கிறேன் என்றாலும் நான் மதுரையைத்தான் கேட்பேன். காரணம், நான் எந்த நீதிமன்றத்தில் நிற்க விரும்புகிறேன் என்பது.

சாதிக் கொடுமை வழக்குகள் பெரும்பாலும் தோற்பது டெல்லியில் இல்லை. காவல் நிலையத்திலும் கீழ் நீதிமன்றத்திலும்தான் தோற்கின்றன. எஃப்.ஐ.ஆர். போடாமல் மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவதில் தொடங்குகிறது. போட்டாலும் வன்கொடுமைச் சட்டப் பிரிவு இருக்காது. இருந்தாலும் டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டிய வழக்கை வேறு யாராவது விசாரித்து வைத்திருப்பார்கள். பின்னால் அதையே குறை காட்டி எதிர்த்தரப்பு விடுதலை கேட்கும். வாய்தா மேல் வாய்தா போகும். அதற்குள் சாட்சி பிறழ்ந்துவிடுவார். ஊரில் பஞ்சாயத்து பேசி 'சமாதானமாகப் போய்விடு' என்பார்கள்.

நான் வேலை பார்க்கும் கடைக்கு ஒரு அம்மா வருவார். மகனை அடித்த வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு வருவார். எதிரிகளுக்கு ஜாமீன் கிடைத்த செய்தியே அவர்கள் ஊருக்குத் திரும்பி, இவர் வீட்டு வாசல் வழியே நடந்து போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. சட்டம் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016இல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவின்படி, ஜாமீன் உட்பட எந்த நடவடிக்கையாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தகவல் தர வேண்டும். அவர் தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். விதிகளின்படி தனக்கு வேண்டிய வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். கடமையைச் செய்யாத அரசு ஊழியர் மீது 4ஆவது பிரிவில் வழக்கே போடலாம். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் சொன்னபோது, 'இதை அன்னைக்கே சொல்லியிருந்தா வந்து நின்னுருப்பேனேம்மா' என்றார். அந்த 'அன்னைக்கே' சொல்லும் இடத்தில் ஒரு வக்கீலாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நம் மாவட்டத்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலூர் பக்கத்து மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் வென்ற ஒரே குற்றத்துக்காக முருகேசனையும் அவருடன் இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதோடு முடியவில்லை. 2019இல் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். அதையும் எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் இந்த வழக்கின் பின்னால் நின்றவர்களில் மதுரை வழக்கறிஞர் பொ.இரத்தினம் முக்கியமானவர். விருத்தாசலம் பக்கத்தில் 2003இல் விஷம் கொடுத்துக் கொன்று எரிக்கப்பட்ட கண்ணகி - முருகேசன் வழக்கிலும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காக நின்றவர் அவரே. அந்த வழக்கில் காவல்துறை தொடக்கத்தில் முருகேசனின் குடும்பத்தாரையும் சேர்த்தே எதிரிகளாகக் காட்டியது. 18 ஆண்டுகள் கழித்து 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இரண்டு பேர் காவல்துறையினர்.

கோகுல்ராஜ் வழக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார் அந்தப் பொறியியல் பட்டதாரி. நாமக்கல்லில் நடந்த விசாரணையில் முக்கியமான சாட்சி பிறழ்ந்தார். அவருடைய அம்மா சித்ரா விடவில்லை. ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. யுவராஜின் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. சாட்சி பிறழ்ந்தாலும் கேமரா பதிவையும் மற்ற சான்றுகளையும் கொண்டு வழக்கை நிறுத்த முடியும் என்று காட்டிய தீர்ப்பு அது. அந்தச் சான்றுகளை ஒவ்வொன்றாகக் குறியிட்டு, குறுக்கு விசாரணையைத் தாங்கி நிறுத்தியது கீழ் நீதிமன்றத்தில் நடந்த வேலை. மேல் நீதிமன்றம் இந்தக் கட்டைப் பிரித்துத்தான் படிக்கிறது. கட்டில் இல்லாததை டெல்லியிலிருந்து எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் கொண்டுவர முடியாது.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள மதுரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சட்டக் கல்லூரியிலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கு நடந்தே போகலாம். வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இயங்குகிறது. காலையில் வகுப்பில் சாட்சியச் சட்டம் படித்தவள், மதியம் திறந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஒரு சாட்சி எப்படி விசாரிக்கப்படுகிறார் என்று பார்க்கலாம். ஒரே வழக்கு காவல் நிலையத்திலிருந்து உயர் நீதிமன்றம் வரை போவதை ஒரே டவுன் பஸ் பாஸில் பின்தொடரலாம்.

அடுத்தது மொழி. தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழ். சாட்சி தமிழில் சொல்கிறார், குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது. மேலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் 'அவன் என்னைய அசிங்கமா வஞ்சான்' என்று சொல்லும்போது, என்ன சொல்லித் திட்டினான், அதில் சாதிப்பெயர் இருந்ததா, எத்தனை பேர் முன்னால் சொன்னான் என்று அவர் கூச்சப்படாமல் சொல்லும்படி கேட்கத் தெரிய வேண்டும். அந்த விவரம் பதிவாகாவிட்டால் வன்கொடுமைப் பிரிவே நிற்காது. சட்டக் கல்லூரி வினாத்தாளில் ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு இது பெரிய கதவு.

உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2010இல் மதுரை வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். இன்னும் கிடைக்கவில்லை. ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் உயர் நீதிமன்றத்தில் இந்தி பேசலாம் என்றால் இங்கே தமிழ் பேச என்ன தடை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதுவரை ஆங்கிலத்தையும் விடாமல் படிப்போம். ஆங்கிலம் தெரியாதது நம் குற்றமில்லை. ஆனால் அதைக் காட்டி நம்மை வெளியே நிறுத்த ஒருவருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

இப்போது ஒரு மறுப்பு வரும். எங்கள் வாசிப்பு வட்டத்திலேயே ஒரு மூத்த தோழர் என்னிடம் கேட்டார்: 'எல்லாரும் உள்ளூர்க் கோர்ட்டிலேயே நின்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக யார் போய் உட்காருவது? பெரிய இடத்துப் படிப்பை அவர்களுக்கே விட்டுவிடுவதா?' நியாயமான கேள்வி. 2018க்குப் பிறகு நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகளில் முக்கால்வாசிக்கு மேல் பொதுப்பிரிவினர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. எனவே நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருச்சிக்கும் போகத்தான் வேண்டும். கிளாட் எழுத விரும்பும் தங்கச்சி, தம்பி யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்குக் கட்டணம் கட்ட நாம் உண்டியல் குலுக்குவோம். அந்தத் தேர்வைத் தமிழிலும் நடத்தச் சொல்லிக் கேட்போம்.

ஆனால் மேலே போகும் பாதை ஒன்றுதான் என்று நம்ப வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி அ.வரதராஜன் நம் மாநிலத்துக்காரர். 1944இல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, ஜோலார்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் தொழில் நடத்தி, 1949இல் மாவட்ட முன்சீப் ஆனார். அங்கிருந்துதான் 1973இல் உயர் நீதிமன்றத்துக்கும் 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். முதல் தலித் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் எர்ணாகுளம் அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர். அவரும் முன்சீப் பதவியில் இருந்தவர். அவர்கள் காலத்தில் தேசிய சட்டப் பள்ளிகளே கிடையாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் முன்சீப், அதாவது இன்றைய சிவில் நீதிபதி தேர்வு இன்றும் இருக்கிறது. அதில் இடஒதுக்கீடும் இருக்கிறது. கொலீஜியம் மூலம் உயர் நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போகும் வழியில் அது கிடையாது. நமக்கு எந்தக் கதவு கொஞ்சமாவது திறந்திருக்கிறது என்று பார்த்து, அதில் கூட்டமாக நுழைய வேண்டும்.

பாபாசாகேப் அம்பேத்கர் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வரானார். அவர் 1927இல் மகாடு குளத்தில் தண்ணீர் எடுத்த போராட்டம் நமக்கெல்லாம் தெரியும். அதற்குப் பின்னால் நடந்த வழக்கைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. குளம் தங்களுக்குச் சொந்தம் என்று ஆதிக்க சாதியினர் மகாடு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அம்பேத்கரே அதில் பிரதிவாதி. அந்தச் சின்ன ஊர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய், 1937 மார்ச்சில்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது. பத்து வருடம். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவருக்கும் வழக்கு வந்தது தாலுகா நீதிமன்றத்தில்தான்.

சட்டக் கல்லூரி என்றால் சாதி இல்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். 2008 நவம்பர் 12 அன்று சென்னை சட்டக் கல்லூரியில் நடந்தது என்ன? கல்லூரியின் பெயரில் இருக்கும் அம்பேத்கர் என்ற சொல்லை விட்டுவிட்டு ஒரு தரப்பு மாணவர்கள் சுவரொட்டி அடித்தார்கள். அது சாதி மோதலாக முற்றியது. மாணவர்கள் கட்டையால் அடித்துக்கொண்டதைக் காவல்துறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. வருங்கால வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் படிக்கும் இடத்திலேயே அம்பேத்கர் பெயர் ஒரு சாதியின் பெயராகப் பார்க்கப்பட்டது. இது ஒரு கல்லூரியோடு முடிகிற நோய் இல்லை. நாளை எனக்குப் பக்கத்தில் உட்காரப் போகும் மாணவர், இன்னும் பத்து வருடத்தில் அரசு வழக்கறிஞராகலாம். அவரோடு மூன்று வருடம் வாதாடிப் பழகுவதும் படிப்பில் சேர்த்திதான். ஒதுங்கி இருந்து அதைச் செய்ய முடியாது. அதனால்தான் கல்லூரிக்குள் நம் எண்ணிக்கையும், அம்பேத்கரையும் பெரியாரையும் படித்த எல்லாச் சாதி மாணவர்களின் எண்ணிக்கையும் கூட வேண்டும் என்கிறேன்.

கடைசியாக, பெற்றோர்களின் பயம். 'படித்து முடித்தாலும் சம்பாதிக்கப் பல வருடம் ஆகுமே?' உண்மைதான். வக்கீல் குடும்பத்தில் பிறந்தவருக்கு அப்பாவின் அலுவலகமும் கட்சிக்காரர்களும் தயாராக இருக்கும். நமக்கு ஒரு மேசைகூட இருக்காது. ஆனால் சில வழிகள் பிறந்திருக்கின்றன. வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சட்டத்தில் சொன்னதற்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியலின, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாத உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்றது. எல்லா சீனியர்களும் கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்க ஒரு உத்தரவு கையில் இருக்கிறது. கேட்க வேண்டியது நாம். தனியாகக் கேட்டால் வேலை போகும், சேர்ந்து கேட்டால் சம்பளம் வரும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீசில் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள், ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவோம். திறந்த நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். அம்மாக்களும் வாருங்கள். எந்தப் பக்கம் எத்தனை வக்கீல் நிற்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிறகு வீட்டுக்குப் போய், பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள்.